விடுமுறைக்கு ஒரு பிரித்தானியப் புதிர்த்தாள்



நீண்ட விடுமுறை வந்துவிட்டால், மாணவர்களிடம் ஒரு கட்டுப் பயிற்சித்தாள்களைக் கொடுத்து அனுப்புவது நம்மில் பலருக்கும் வழக்கம். அவை எந்த நிலையில் திரும்பி வரும் என்பதும் நமக்குத் தெரியும். பாதி வெற்றுத்தாள், மீதி, பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவில் அம்மாவின் கையெழுத்துச் சாயலில் எழுதப்பட்டவை! கடந்த விடுமுறையில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் அப்படி எதையும் கொடுக்கவில்லை. இருபது கேள்விகள் கொண்ட ஒரே ஒரு தாளைக் கொடுத்தேன். கேள்விகள் அனைத்தும் பிரிட்டனைப் பற்றியவை. அந்நாட்டு அரசர்கள், காற்பந்து, தொலைக்காட்சி, தபால்தலை, நாய், பூனை எல்லாம் அதில் உண்டு. புள்ளிகள் மட்டும் இல்லை.

இந்த எண்ணம் என் சொந்தச் சரக்கன்று. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் மேன் தீவு என்றொரு சிறு தீவு உள்ளது. பிரித்தானிய அரசரே அதற்கும் தலைவர். ஆயினும் அது ஐக்கிய இராச்சியத்தின் பகுதியன்று. (இதுவே ஒரு நல்ல புதிர்க் கேள்வி!) அங்குள்ள கிங் வில்லியம்ஸ் கல்லூரி என்னும் பள்ளியில், 1905 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி ஒரு பொது அறிவுத்தாள் வழங்கப்படுகின்றது. பதினெட்டுப் பிரிவுகள், பிரிவுக்குப் பத்தாக 180 கேள்விகள். முதற்பிரிவு சரியாக நூறாண்டுகளுக்கு முன் நடந்தவற்றைப் பற்றியது. இறுதிப்பிரிவு முடியப்போகும் ஆண்டைப் பற்றியது. இடையிலுள்ளவை பெரியவர்களையே தலையைப் பிய்த்துக்கொள்ளச் செய்பவை. மாணவர்கள் விடுமுறைக்கு முந்திய நாளில், எந்தத் துணையுமின்றி அதற்கு விடை எழுதுவார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய விடைகளே சரியாக இருக்கும். அதில் எவருக்கும் வெட்கமில்லை. பிறகு தாளை வீட்டிற்கு எடுத்துச்சென்று, தேடித் துருவி, கேட்டு அறிந்து, விடுமுறை முடிந்ததும் மீண்டும் எழுதுவார்கள். 1999 வரை கட்டாயமாக இருந்த இத்தேர்வு, பின்னர் மாணவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. கார்டியன் நாளிதழ் 1951 முதல் இத்தாளை வெளியிட்டு வருவதால், பள்ளியோடு தொடர்பே இல்லாத குடும்பங்களும் ஆண்டுதோறும் இதனோடு மல்லுக்கட்டுகின்றன. தாளின் தலைப்பில் இலத்தீன் வாசகம் ஒன்று இருக்கும். ஒன்றை எங்கே தேடினால் கிடைக்கும் என்று அறிந்திருப்பதே கல்வியின் பெரும்பகுதி என்பது அதன் கருத்து.

அதே நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு புதிரும் உண்டு. பிபிசி தொலைக்காட்சியில் 1972இல் தொடங்கிய 'மாஸ்டர்மைண்ட்' நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இருண்ட அரங்கம், நடுவில் ஒரு கறுப்பு நாற்காலி, அமர்ந்திருப்பவர் முகத்தில் மட்டும் விழும் ஒளி. அதனை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு விசாரிக்கப்பட்டவர். பெயர், பதவி, படையெண் என்று கைதியிடம் கேட்டதன் சாயலில்தான் பெயர், தொழில், தேர்ந்தெடுத்த துறை என்று போட்டியாளரிடம் கேட்கும் முறை பிறந்தது. பெரியவர்கள் விரும்பிப் போய் அமரும் நாற்காலி அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால், பத்து வயதுப் பிள்ளைக்கு நம் தேர்வு மண்டபமும் அந்த அரங்கமும் ஒன்றாகவே தோன்றுகின்றன. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போனதே தவிர, அச்சம் போனபாடில்லை.

என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். நன்றாகப் படிப்பவள். ஆயினும் ஐயமுள்ள எந்தக் கேள்விக்கும் விடை எழுத மாட்டாள். பென்சிலால் எழுதுவாள், அழிப்பாள், மறுபடியும் எழுதுவாள், மறுபடியும் அழிப்பாள். தாள் வெளுத்து, சில இடங்களில் கிழிந்தும் வரும். கேட்டால், "பிழையாகிவிடும், ஐயா" என்பாள். அவளை மனத்திற்கொண்டுதான் மேன் தீவு முறையை நான் கையிலெடுத்தேன் என்று சொன்னால் மிகையாகாது. அவர்களுடைய கடினமான கேள்விகள் நமக்கு வேண்டா. முறை மட்டும் போதும்.

முறை இதுதான். பள்ளி இறுதி நாளில், வகுப்பிலேயே அரைமணி நேரம் நீல மையால் எழுத வேண்டும். தெரியாவிட்டாலும் ஏதேனும் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். பிறகு விடுமுறையில், அதே தாளில் சிவப்பு மையால் திருத்த வேண்டும். சிவப்பு மைப் பேனாவைக் கையில் பிடிக்கப் போகிறோம் என்றதும் வகுப்பே ஆர்ப்பரித்தது! பக்கத்தில் ஒரு கட்டம்: 'சொன்னவர் யார்?' இணையத்தில் பார்த்திருந்தால் 'இணையம்' என்று எழுதலாம். ஆனால் குறைந்தது ஐந்து விடைகளையாவது ஒரு மனிதரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

தாளை வகுப்புப் புலனக் குழுவில் கண்ட ஒரு தந்தை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, வெள்ளைக்காரன் நம்மை ஆண்டது போதாதா? தமிழ்ப்பள்ளியிலும் அவன் கதைதானா? திருக்குறளில் கேட்கலாமே, சோழர் வரலாற்றில் கேட்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. திருக்குறள் போட்டியும் நாங்கள் நடத்துகிறோம், ஆனால் அதில் பிள்ளை தவறினால், "இது கூடத் தெரியாதா?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். நமக்கு நெருக்கமானவற்றில் தவறுவது பிள்ளைக்குச் சுடும். அடுத்த வீட்டுக் கதையில் தவறினால் சிரிக்கலாம். அப்பாவும் சேர்ந்து தவறலாம். இதைத்தான் அவரிடம் சொன்னேன். "பார்ப்போம், ஐயா" என்று வைத்துவிட்டார். அவர் குரலில் உடன்பாடு இல்லை.

இனி, கேள்விகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதற்கேள்வி மிஸ்டர் பீனைப் பற்றியது. அவரை அறியாத பிள்ளை நம் நாட்டில் உண்டோ? பேச்சு மிகக் குறைவாதலால், தமிழ் வீட்டிலும் மலாய் வீட்டிலும் சீனர் வீட்டிலும் ஒரே நேரத்தில் சிரிப்பொலி எழுப்பியவர் அவர். 1990ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஒளிபரப்பான முதற்பகுதியில், முதற்காட்சியில், மிஸ்டர் பீன் எங்கே இருக்கிறார்? கடற்கரை, மருத்துவமனை, சிறைச்சாலை என்றெல்லாம் நீல விடைகள் வந்தன. அவர் தேர்வு மண்டபத்தில் இருக்கிறார்! முக்கோணவியலைப் படித்துவிட்டு வந்தவர், நுண்கணிதக் கேள்விகளைக் கண்டு விழிக்கிறார். பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கிறார். அந்த வேடத்தை ஏற்ற ரோவன் அட்கின்சன், ஆக்ஸ்பர்ட் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர் என்ற செய்தியைப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

இலண்டனில் 'பிக் பென்' என்பது எது? படம் வரைக என்றேன். இருபத்திரண்டு பேரும் கோபுரம் வரைந்திருந்தார்கள். ஒருவர் கூட மணியை வரையவில்லை. உள்ளே தொங்கும் பெரிய மணிக்குத்தான் அப்பெயர். கோபுரத்திற்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். வீட்டிலும் எல்லாரும் கோபுரம் என்றே சொன்னதாகச் சிவப்பு மைக் கட்டங்கள் கூறின. அதனால் என்ன? ஊரே சேர்ந்து தவறுவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி இங்கிலாந்தில் நடந்தது. போட்டிக்கு நான்கு மாதங்களுக்கு முன், மார்ச்சு மாதத்தில், அந்தக் கிண்ணமே களவு போயிற்று! இலண்டனில் நடந்த ஒரு தபால்தலைக் கண்காட்சியில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அதனைக் கண்டுபிடித்தவர் யார்? ஷெர்லாக் ஹோம்ஸ் என்று எழுதியோர் ஆறு பேர். 'போலீஸ்' என்று எழுதியோர் பலர். தெற்கு இலண்டனில் ஒரு வேலிச்செடியின் அடியில், செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த அதனை மோப்பம் பிடித்தது பிக்கிள்ஸ் என்னும் நாய். அவ்வாண்டு ஜூலையில் இங்கிலாந்து அதே கிண்ணத்தை வென்றது. இந்தக் கேள்வியால்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்ட அதே தந்தை, இரவு பதினொரு மணிக்குக் குரல்பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். இறுதியாட்டத்தில் ஜெப் ஹர்ஸ்ட் அடித்த இரண்டாவது பந்து கோட்டைத் தாண்டவே இல்லை, மேற்கு ஜெர்மனிக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று ஐந்து நிமிடம் பேசியிருந்தார். கோல் என்று உறுதிசெய்த கோட்டு நடுவரை ரஷ்யர் என்றே சொன்னார். பின்னணியில் மகனின் குரல்: "அப்பா, அவர் அசர்பைஜான்காரர். இங்கே போட்டிருக்கிறது." சற்று அமைதி. பிறகு, "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்கிறார் தந்தை. அந்தப் பதிவை நான் மூன்று முறை கேட்டேன். (நடுவர் தோபிக் பக்ராமோவ் சோவியத் ஒன்றியத்தின் அசர்பைஜானைச் சேர்ந்தவர். பாக்கு நகரில் ஒரு விளையாட்டரங்கமே அவர் பெயரில் உள்ளது.)

1752ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் இலண்டனில் நடந்தது என்ன? இது சற்றுக் குறும்பான கேள்வி. போர், தீ, அரசர் மரணம் எனப் பலவாறு எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் 'பள்ளி விடுமுறை' என்று எழுதியிருந்தான். விடைக்கு மிக அருகில் வந்தவன் அவனே. அன்று ஒன்றுமே நடக்கவில்லை. ஏனெனில் அப்படியொரு நாளே அங்கு வரவில்லை. பழைய ஜூலியன் நாள்காட்டியை விடுத்துக் கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது, செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாளை 14 வியாழன் என்று ஆக்கினார்கள். ஐரோப்பாவின் பல நாடுகள் 1582ஆம் ஆண்டிலேயே மாறிவிட, பிரிட்டன் பிடிவாதமாக இருந்ததால் வந்த வினை. "என் பிறந்தநாள் செப்டம்பர் 9. நான் அப்போது இருந்திருந்தால்?" என்று ஒரு பெண்பிள்ளை கவலையோடு கேட்டாள். அவளைத் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தபால்தலையில் நாட்டின் பெயரை அச்சிடாத ஒரே நாடு எது என்றும், கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை 1647இல் தடைசெய்தது எந்த நாட்டு நாடாளுமன்றம் என்றும் கேட்டிருந்தேன். இரண்டிற்கும் விடை அதே நாடுதான். தாள் முழுவதும் பிரிட்டனைப் பற்றியது என்று முதலிலேயே சொல்லியிருந்தும், ஜப்பான் என்றும் சவூதி அரேபியா என்றும் எழுதியவர்களை என்னென்பது!

மூன்றாம் ரிச்சர்ட் மன்னரைப் பற்றிய கேள்விக்கு வகுப்பே அதிர்ந்தது. 1485இல் போஸ்வர்த் போர்க்களத்தில் மாண்டவர். அவர் எலும்புக்கூடு 2012இல் எங்கே கிடைத்தது? லெஸ்டர் நகரில், ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில்! 2015இல் அந்நகரப் பேராலயத்தில் முறையாக அடக்கம் செய்தார்கள். "ஐந்நூறு வருடத்திற்குப் பார்க்கிங் கட்டணம் எவ்வளவு ஆகும், ஐயா?" என்று ஒருவன் கேட்டான். அடுத்த கணிதப் பாடம் அதிலேயே போய்விட்டது. மணிக்கு ஒரு ரிங்கிட் வைத்தாலும் நாற்பது இலட்சத்தைத் தாண்டுகிறது.

பத்தாவது கேள்வி பாட்டிமார்களுக்கானது. பிரித்தானியச் சமையல் நூல்களில் இடம்பெற்ற, தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு சூப் எது? நீல மையில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிவப்பு மையில் பதினைந்து பேர் 'மல்லிகடானி' என்று எழுதியிருந்தார்கள். 'சொன்னவர்' கட்டத்தில் பெரும்பாலும் இணையம். ஆனால் ஒருவன், "பெயர் தெரியாது. மிளகுத்தண்ணீர் என்றால் ரசந்தானே என்று பாட்டி சொன்னார். இன்று இரவு வைத்துக் கொடுத்தார்" என்று எழுதியிருந்தான். பெயர் தெரியாத அந்த விடையைத்தான் நான் வகுப்பில் உரக்கப் படித்தேன்.

இப்போது அந்த மாணவிக்கு வருகிறேன். இறுதி நாளில் அவள் தாளில் நீல மை மூன்றே இடங்களில் இருந்தது. பதினேழு வெற்றிடம். ஏதேனும் எழுதியே ஆக வேண்டும் என்ற என் விதி அவளிடம் செல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

பதினேழாவது கேள்வி இது: பிரித்தானியக் காசுகளில் ஓர் அரசரின் முகம் இடப்பக்கம் பார்த்தால், அவருக்குப் பின் வருபவரின் முகம் வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் மரபு. 2022இல் மறைந்த எலிசபெத் அரசியார் வலப்பக்கம் பார்த்தார். அவர் மகன் சார்ல்ஸ் இடப்பக்கம் பார்க்கிறார். எனில், எலிசபெத்தின் தந்தை ஆறாம் ஜார்ஜ் எந்தப் பக்கம் பார்த்திருப்பார்?

சற்றே சிந்தித்தால் போதும், இடப்பக்கம். பெரும்பாலோர் சரியாகவே எழுதியிருந்தார்கள். அந்த மாணவி அதோடு நிற்கவில்லை.

அவளுடைய தாத்தா எண்பதைக் கடந்தவர். இளமையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பேத்தி கேள்வியைப் படித்ததும், அலமாரியின் மேலிருந்து ஒரு பழைய மைலோ டின்னை இறக்கியிருக்கிறார். உள்ளே சதுர வடிவான ஒரு காசு நாணயங்கள். இன்றைய பிள்ளைகள் வட்டமான ஒரு சென் காசையே கடையில் கண்டதில்லை; 2008 முதல் ஐந்து சென்னுக்குத் திருத்திக் கணக்கிடும் வழக்கம் வந்துவிட்டது. சதுரக் காசு என்றால் கேட்கவா வேண்டும்! பேத்தி அவற்றைச் சாம்பலிட்டுத் துலக்கி வரிசையாக வைத்திருக்கிறாள். ஒன்றில் எலிசபெத் அரசியார், வலப்பக்கம் பார்த்தபடி. ஒன்றில் ஆறாம் ஜார்ஜ், இடப்பக்கம். மூன்றாவது இன்னும் பழையது, ஐந்தாம் ஜார்ஜ். அவரும் இடப்பக்கம்.

விடுமுறைக்குப் பின் வந்த அவள் தாளில், பதினேழாம் கேள்விக்குக் கீழே இருந்த இடம் போதாமல், ஓரத்தில் திருப்பித் திருப்பிச் சிவப்பு மையால் எழுதியிருந்தாள்: "இடப்பக்கம். ஆனால் ஐந்தாம் ஜார்ஜும் இடப்பக்கம் பார்க்கிறார். ஐந்துக்கு அடுத்தது ஆறு. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கக் கூடாது. அதனால் இவர்களுக்கு நடுவில் ஜார்ஜ் என்று பெயர் இல்லாத ஓர் அரசர் இருந்திருக்கிறார். அவரைக் காணவில்லை." பக்கத்துக் கட்டத்தில், 'சொன்னவர் யார்?' என்பதற்கு நேரே, "காசு - தாத்தா. மற்றது யாரும் சொல்லவில்லை."

ஆசிரியர் அறையில் அதைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். எட்டாம் எட்வர்ட் 1936 சனவரியில் அரசரானார். திருமணமாகி மணவிலக்குப் பெற்ற அமெரிக்கப் பெண்மணியான வாலிஸ் சிம்சனை மணக்க வேண்டும் என்பதற்காக, முடிசூட்டு விழாவிற்கு முன்பே, அதே ஆண்டு டிசம்பரில் அரியணையைத் துறந்தார். அவர் முகம் பொறித்த காசுகள் பிரிட்டனில் புழக்கத்திற்கு விடப்படவே இல்லை. மரபுப்படி அவர் வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தலைவகிடு உள்ள இடப்பக்கமே தமக்கு அழகு என்று அவர் அடம்பிடித்தார் என்பது தனிக்கதை. அவருக்குப் பின் தம்பி ஆறாம் ஜார்ஜ் வந்தபோது, அண்ணன் வலப்பக்கமே பார்த்ததாகக் கணக்கில் வைத்துக்கொண்டு, இவரை இடப்பக்கம் பார்க்க வைத்தார்கள். காசில் இல்லாத அந்த மனிதரை, ஒரு மைலோ டின்னை வைத்துக்கொண்டு, பதினொரு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள்.

அவளை அழைத்துக் காணாமற்போன அரசரின் பெயரைச் சொன்னேன். கதை முழுவதையும் கேட்டாள். முகத்தில் பெரிய வியப்பு ஏதுமில்லை. "தாத்தாவிடம் அவர் காசு இருக்காது, இல்லையா, ஐயா?" என்று மட்டும் கேட்டாள். இருக்காது என்றேன். "தாத்தா தேடிக்கொண்டே இருக்கிறார். நான் சொல்லிவிடுகிறேன்" என்று போய்விட்டாள்.

அடுத்த மாதச் சோதனையில் அவள் இரண்டு கேள்விகளை வழக்கம்போல் வெறுமையாக விட்டிருந்தாள். மூன்றாவது ஒன்றுக்கு, அழித்த தடமே இல்லாமல், தெளிவான கையெழுத்தில் விடை எழுதியிருந்தாள். அந்த விடை தவறு.